சிலுவைப் போர்களும் முத்துக் கடற்கரையும்

தோற்றுவாய்

திருப்பூர் மாநகரின் ஒரு பகுதியாகிய நெருப்பெரிச்சல் என் ஊர். அப்பெயரைக் கேட்ட அளவில் நகைக்கும் நண்பர் சிலர் நம் கல்லூரி விடுதியில் என்றும் உண்டு. ஆயினும் இவ்வூரில் நெருப்பு எரியக் காண்பது அரிது; தையற் பொறிகளின் ஓசையே எங்கும் கேட்கும். பனியன் கம்பெனிகளில் வேலை செய்வார் பல மாவட்டத்தார், பல சமயத்தார்.

சென்ற கோடை விடுமுறையில் உறவினர் ஒருவரைக் காணும்பொருட்டு அத்தகைய கம்பெனி ஒன்றிற்குச் சென்றிருந்தேன். அங்கே ஓவர்லாக் பொறிகள் இரண்டில் அடுத்தடுத்து அமர்ந்து தைத்தவர் இருவர். ஒருவர் தூத்துக்குடிக் கடற்கரையினின்றும் வந்த கிறிஸ்தவ இளைஞர். மற்றவர் காயல்பட்டினத்து முஸ்லிம் இளைஞர். மின்விசிறியை எப்பக்கம் திருப்புவது என்னும் அற்ப வழக்கொன்று அவர்களுக்குள் எழுந்தது. சொல்லுக்குச் சொல் வளர்ந்து, முடிவில் ஒருவர், "சிலுவைப் போர் நடத்திய கூட்டந்தானே நீங்கள்!" என்றார். மற்றவர், "எங்கள் முன்னோர் காதை அறுத்தவர்கள் பேசுகிறீர்களா?" என்றார். சூப்பர்வைசர் இடையே புகுந்து இருவரையும் அமர்த்தினார். பின்னர் அவர் என்னிடம் வந்து, "ஏனுங்க தம்பி, நீங்க காலேஜுல படிச்சவிங்க. அந்தச் சிலுவைப் போருங்கறது என்னங்க? நம்ம நாட்டுலயா நடந்துச்சு?" என்று வினவினார்.

"இல்லைங்க, அது பாலஸ்தீன நாட்டில், எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முன் நடந்தது" என்று விடை கூறிவிட்டு வந்தேன். அவ்விடை முழுவதும் பொய்யன்று. முழுவதும் மெய்யுமன்று என்பதைப் பின்னர் நூல்களைப் புரட்டியபோது உணர்ந்தேன். அன்று யான் சொல்லாது விட்ட பாதியை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

போர்களின் வரலாறு

கி. பி. 1095-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிரான்சு தேசத்துக் கிளெர்மான் நகரில் கூடிய சபையிலே, இரண்டாம் அர்பன் என்னும் போப்பரசர் எருசலேமை மீட்கப் புறப்படுமாறு மேலை நாட்டு வீரரை ஏவினார். ஆடையில் சிலுவை தைத்துக்கொண்டு புறப்பட்ட அப்படைகள் 1099-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் எருசலேமைப் பிடித்தன. நகரில் இருந்த முஸ்லிம்களும் யூதரும் பெருந்தொகையினராய் மாண்டனர். 1187-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சலாகுத்தீன் என்னும் சுல்தான் அந்நகரை மீண்டும் கைப்பற்றினார். அவர் நகரத்தாரைக் கொல்லாது, மீட்புப் பணம் பெற்று வெளியேற விடுத்தார். பணம் கொடுக்க இயலாதார் பலர் அடிமைகளாயினர். 1291-ஆம் ஆண்டில் ஆக்கர் என்னும் துறைமுகம் வீழ்ந்ததோடு கீழைக் கடற்கரையில் சிலுவைப் படையினரின் ஆட்சி முடிவெய்தியது.

இவ்வரலாற்றில் ஒன்று கருதத்தக்கது. 1204-ஆம் ஆண்டில் நான்காம் சிலுவைப் படை எருசலேமுக்குச் செல்லாது கான்ஸ்டாண்டிநோபிள் நகரின்மேற் பாய்ந்து அதனைச் சூறையாடிற்று. அஃது அக்காலத்தில் கிறிஸ்தவ உலகின் தலைசிறந்த நகரம். சிலுவை தரித்தவர் சிலுவை தரித்தவரையே கொள்ளையிட்டனர். சமயத்தின் பெயரால் எடுத்த வாள் எங்கே போய் விழும் என்பதை எடுத்தவரே அறியார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, அரபு மக்கள் இப்படையெடுப்பாளரைப் பெரும்பாலும் சமயப் பெயரால் அழைக்கவில்லை. பிராங்கு இனத்தார் என்னும் பொருளில் 'இஃப்ரஞ்' என்றே அழைத்தனர். 'சிலுவைப் போர்கள்' என்னும் பொருளுடைய அரபுத் தொடர், ஐரோப்பியச் சரித்திர நூல்களைத் தழுவி, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அம்மொழியில் வழக்கூன்றியது. மிகப் பழம் பகை என்று நாம் கருதும் சொல், அம்மொழியில் மிகப் புதிய சொல்லாக இருத்தல் வியப்பன்றோ?

'இஃப்ரஞ்' என்னும் அப்பெயரோ நம்மை வந்து சேர்ந்துவிட்டது. பாரசீகத்தில் 'ஃபரங்கி' என்றாகி, இந்திய மொழிகளிற் பரவி, தமிழில் 'பரங்கி' ஆயிற்று. பரங்கிப்பேட்டை என்னும் ஊர்ப் பெயரிலும், நம் கொங்கு நாட்டார் அரசாணிக்காய் என்று வழங்குவதைப் பிற நாட்டார் பரங்கிக்காய் என்பதிலும் அச்சொல் வாழ்கின்றது. 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இத்தாலிய தேசத்து ராபர்ட் தெ நொபிலி என்னும் குருவானவர், தாம் பரங்கியர் அல்லர் என்று வலியுறுத்திச் சொல்ல வேண்டியவரானார். அப்பெயரோடு ஒட்டியிருந்த இழிவு அவர் போதித்த சமயத்திற்கே தடையாக இருந்தமையே காரணம்.

மேற்கினின்று வந்த கொடி

கீழை நாட்டிற் சிலுவைப் போர் ஓய்ந்த பின்னரும் ஐபீரியத் தீபகற்பத்தில் அஃது ஓயவில்லை. அங்கே கிறிஸ்தவ அரசர்கள் முஸ்லிம் அரசர்களோடு பல நூற்றாண்டுகள் பொருதனர். 1492-ஆம் ஆண்டில் கிரனாடா வீழ்ந்தபோதே அப்போர் முடிந்தது. எருசலேம் யாத்திரிகரைக் காக்க எழுந்த 'டெம்ப்ளர்' என்னும் போர்த் துறவியர் சங்கம் 1312-ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டது. போர்த்துக்கல் நாட்டிலோ அதன் உடைமைகளைக் கொண்டு, 1319-ஆம் ஆண்டில் 'கிறிஸ்துவின் சங்கம்' என்னும் புதிய சங்கம் நிறுவப்பட்டது. கடற்பயணங்களை ஊக்கிய என்றிக் இளவரசர் அச்சங்கத்தின் ஆளுநராக விளங்கினார். அதன் செஞ்சிலுவையே போர்த்துக்கீசியக் கப்பல்களின் பாய்களிற் பொறிக்கப்பட்டது. ஆகவே, 1498-ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக் கடலில் நங்கூரமிட்டபோது, டெம்ப்ளர்களின் வழிவந்த சின்னம் இந்தியக் கரையைக் கண்டது என்று கூறலாம்.

கரைக்கு அனுப்பப்பட்ட போர்த்துக்கீசியனை முதன்முதல் எதிர்கொண்டவர் யாவர்? தூனிசு நாட்டினின்றும் வந்திருந்த முஸ்லிம் வணிகர் இருவர். அவர்கள் ஸ்பானிய மொழியிற் பேசினர்! எதைத் தேடி வந்தீர் என்ற வினாவிற்கு, கிறிஸ்தவரையும் வாசனைப் பண்டங்களையும் தேடி வந்தோம் என்னும் விடை கிடைத்தது. இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் அமைந்தமை நோக்கத்தக்கது. பின்னர் நிகழ்ந்தவற்றில் எது சமயத்திற்காக, எது மிளகிற்காக என்று பிரித்தறிதல் எளிதன்று. 1502-ஆம் ஆண்டில் மீண்டும் வந்த அதே காமா, மெக்கா யாத்திரையினின்றும் திரும்பிய 'மீரி' என்னும் கப்பலை, பெண்டிர் குழந்தைகளோடு எரித்தழித்தார். அக்கொடுமையை மலையாளக் கரை மறக்கவில்லை.

வந்தவர்கள் தங்களோடு ஒரு பெயரையும் கொணர்ந்தனர். தம் நாட்டில் எதிர்த்து நின்ற வட ஆப்பிரிக்க முஸ்லிம்களை அவர்கள் 'மூர்' என்றனர். ஈண்டுத் தமிழும் மலையாளமும் பேசி, தலைமுறை தலைமுறையாய் இம்மண்ணில் வாழ்ந்த மரைக்காயரையும் மாப்பிள்ளையரையும் கண்டபோதும் 'மூர்' என்றே எழுதினர். ஆப்பிரிக்காவையே கண்ணாற் காணாதவர் ஆப்பிரிக்கப் பகைவரின் பெயரை ஏற்கலாயினர். ஒரு சண்டையின் பெயரை வேறொரு மக்கள்மேல் ஏற்றிவிடின், அச்சண்டையும் உடன் ஏறிவிடும்.

முத்துக் கடற்கரையில்

மன்னார் வளைகுடாவின் முத்து பண்டைக் காலந்தொட்டுப் புகழ்பெற்றது. முத்துக் குளித்தலிற் பரதவர் வல்லவர். காயல், கீழக்கரை முதலிய துறைகளின் முஸ்லிம்கள் வாணிகத்திலும் கடலோட்டத்திலும் வல்லவர். முத்துச் சலாபத்தின் வருவாய் யாருக்கு என்பதில் இவ்விரு சாராரிடையே பூசல் முற்றியிருந்த காலத்தில் போர்த்துக்கீசியரும் அவ்வருவாயில் நாட்டங்கொண்டு புகுந்தனர்.

1530-களில் பூசல் வெளிப்படையாய் வெடித்தது. பரதவர் ஒருவரின் காது, அணிந்திருந்த கடுக்கனோடு அறுபட்டது என்றும், அதுவே பெருங் கலகத்திற்கு வித்தாயிற்று என்றும் வழிவழியாய்ச் சொல்லப்படுகின்றது. நெருப்பெரிச்சலில் அவ்விளைஞர் நினைவூட்டிய காது இதுவே. நானூற்றுத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அக்காது இன்னும் ஆறவில்லை! அந்நிலையில், 1513-ஆம் ஆண்டில் லிஸ்பன் சென்று திருமுழுக்குப் பெற்றிருந்த ஜான் த குரூஸ் என்னும் குதிரை வணிகர், போர்த்துக்கீசியரின் காவலை நாடுமாறு பரதவர்க்கு ஆலோசனை கூறினார். தலைவர்கள் கொச்சிக்குச் சென்று திருமுழுக்குப் பெற்றனர். 1537-ஆம் ஆண்டளவில் கடற்கரை ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் கிறிஸ்தவராயினர் என்பர்.

அடுத்த ஆண்டே, 1538-இல், மண்டபத்திற்கு அண்மையிலுள்ள வேதாளையில், மார்ட்டிம் அபோன்சோ டி சோசாவின் கப்பற்படை குஞ்ஞாலி மரைக்காயர் முதலியோரின் கப்பற்படையை வென்றது. தோற்ற படை இலங்கைக்குச் சென்றுகொண்டிருந்தது; கோட்டை அரசனாகிய புவனேகபாகுவை எதிர்த்த அவன் தம்பி மாயாதுன்னைக்கு உதவுவதே அதன் நோக்கம். புவனேகபாகுவுக்குத் துணை போர்த்துக்கீசியர். எனவே, சிலுவைக்கும் பிறைக்கும் நடந்த போர் என்று வேதாளைப் போரைச் சொல்பவர், அதன் அடியில் இருந்தது சிங்கள அரச குலத்து உடன்பிறந்தாரின் பங்காளிச் சண்டை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அதே டி சோசா, ஆளுநராகத் திரும்பி வந்தபோது, தம் கப்பற்பயணத்தில் உடன் கொணர்ந்தவரே பிரான்சிஸ் சவேரியார். அவர் 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் முத்துக் கடற்கரையை அடைந்தார். 1544-ஆம் ஆண்டில் வடுகப் படையினர் கரையோர ஊர்களைத் தாக்கவே, மக்கள் குமரிமுனைப் பாறைகளில் உணவின்றித் தவித்தனர். சவேரியார் படகுகளில் அவர்க்கு உணவு கொண்டுசெல்ல முயன்றார். அவ்வாண்டில் பரதவரைத் துன்புறுத்தியவர் முஸ்லிம்கள் அல்லர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

சமயமோ, வாணிகமோ?

நிற்க. இப்போர்களில் யார் யார் பக்கம் நின்றார் என்று சிறிது ஆராய்வாம்.

1571-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், கிரேக்கக் கடலில் லெபாண்டோ என்னுமிடத்தில், கிறிஸ்தவ அரசுகளின் கூட்டுக் கடற்படை துருக்கியரை வென்றது. செபமாலை அன்னையின் திருநாள் அவ்வெற்றியை நினைவூட்டுவதாய் எழுந்தது. அதே 1571-ஆம் ஆண்டில், கள்ளிக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சாலியம் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து சாமூதிரி கைப்பற்றினார். சாமூதிரி இந்து அரசர். அவர் படையில் முன்னின்றவர் முஸ்லிம்கள். பொன்னானியில் வாழ்ந்த செய்னுத்தீன் மக்தூம், போர்த்துக்கீசியரை எதிர்க்குமாறு அரபு மொழியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் நூலில், அவ்விந்து அரசர் முஸ்லிம்களுக்குச் செய்த உதவியை நன்றியோடு எடுத்துரைத்துள்ளார். சமயப் போருக்கு அழைக்கும் நூலிலே மாற்றுச் சமயத்தானுக்கு நன்றி!

ஆயினும் அந்நட்பும் நிலைத்திலது. நான்காம் குஞ்ஞாலியின் வலிமை பெருகவே, சாமூதிரி போர்த்துக்கீசியரோடு சேர்ந்து அவர் கோட்டையை முற்றுகையிட்டார். 1600-ஆம் ஆண்டில் குஞ்ஞாலி சாமூதிரியிடம் சரணடைந்தார்; போர்த்துக்கீசியர் அவரைக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றனர்.

இலங்கையிலோ, 1626-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் தம் ஆட்சிப் பகுதியினின்றும் முஸ்லிம்களைத் துரத்தினர். கண்டியரசனாகிய செனரத் அவர்களை ஏற்று, கீழ்க் கரையில் குடியமர்த்தினான். 1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். சீர்திருத்தக் கிறிஸ்தவராகிய அவர்கள் இலங்கையிற் கத்தோலிக்கரை ஒடுக்கினர். அப்போது கத்தோலிக்கக் குருவாகிய ஜோசப் வாஸ் அடிகளார்க்கு முடிவிற் புகலிடம் தந்ததும் அதே கண்டி அரசே. பௌத்த அரசின் நிழலில் முஸ்லிமும் கத்தோலிக்கரும் ஒதுங்கினர். அவ்விருவரையும் அங்கே துரத்தியவர் கிறிஸ்தவரே.

இவற்றை ஒருங்கே நோக்கின், கொடி சமயத்தினுடையது, கப்பலிலுள்ள சரக்கு வாணிகத்தினுடையது என்பது புலனாம். இதனால் சமயப்பற்றுப் பொய்யென்பது கருத்தன்று. உயிர்விட்டோர் பலர் மெய்யாகவே நம்பி உயிர்விட்டனர். ஆனால் அவர்களை எதிரெதிர் நிறுத்தியது நம்பிக்கை ஒன்றே என்று கொள்வது வரலாற்றிற்கு ஒவ்வாது.

இன்றும் எஞ்சி நிற்பவை

இலங்கை அரசின் மக்கட்டொகைக் கணக்கில் தமிழ் பேசும் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் இன்றும் 'மூர்' என்றே குறிக்கப்படுகின்றனர். தமிழில் சோனகர் என்பர். ஐபீரியப் போர்க்களத்தில் பகைவர்க்கு வழங்கிய பெயர், இன்று ஒரு சமுதாயம் தன் அடையாளமாகத் தானே ஏற்றுக்கொண்ட பெயராயிற்று. கடற்கொள்ளைக்காரர் என்று போர்த்துக்கீசியர் எழுதிய குஞ்ஞாலி மரைக்காயருக்கு இந்திய அரசு 2000-ஆம் ஆண்டில் அஞ்சல் தலை வெளியிட்டது. மும்பையிலுள்ள கடற்படை நிலையம் ஒன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றது.

ஸ்பெயின் நாட்டில் திருத்தூதராகிய யாகப்பரை 'மூர்களைக் கொல்பவர்' என்னும் பட்டத்தோடு, குதிரைமேல் வாளேந்திய கோலத்தில் வணங்கினர். அப்புனிதரே சந்தியாகப்பர் என்னும் பெயரில் நம் கடற்கரைக்கு வந்தார். இராமேசுவரத் தீவின் தங்கச்சிமடத்தில் அவருக்குப் பழைய ஆலயம் உண்டு. வேதாளைப் போர் நிகழ்ந்த இடத்திற்கு அஃது அதிகத் தொலைவன்று. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நிகழும் அவர் திருவிழாவிற் கிறிஸ்தவரோடு இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்துகொள்ளுகின்றனர். எந்தச் சங்கமும் தீர்மானம் இயற்றாமலே, நெய்தல் நில மக்கள் அப்புனிதரின் பழம் பட்டத்தை மெல்லக் கழற்றிவிட்டனர்.

ஆனால் உலகின் வேறிடங்களில் அப்பட்டம் கழலவில்லை. 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஆலன்பி என்னும் ஆங்கிலத் தளபதி எருசலேமுள் நடந்தே புகுந்தபோது, இங்கிலாந்துப் பத்திரிகைகள் அதனைச் சிலுவைப் போரின் முடிவாகப் போற்றின. அவர் படையில் இந்திய முஸ்லிம் வீரரும் இருந்தனர் என்பதைப் போற்றியவர் மறந்தனர். 1998-ஆம் ஆண்டில் உசாமா பின் லாடன் முதலியோர் வெளியிட்ட அறிக்கை தம் பகைவரைச் 'சிலுவைப் போராளிகள்' என்றது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ், பயங்கரவாதத்தை எதிர்க்கும் தம் முயற்சியைச் 'சிலுவைப் போர்' என்னும் ஆங்கிலச் சொல்லாற் குறித்தார். இரு தரத்தாரும் ஒரே சொல்லைக் கையாண்டு, மாண்டவர்களை எழுப்பித் தமக்குத் துணை சேர்த்துக்கொண்டனர்.

மிஷன் கல்லூரியில் பயிலும் நாம் நம்மையும் நோக்கவேண்டும். நற்செய்திக் கூட்டங்களுக்கு 'குரூசேடு' என்று பெயரிட்டு விளம்பரம் ஒட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒட்டுவோர் உள்ளத்திற் பகையில்லை என்பது உண்மையே. அச்சுவரைக் கடந்து செல்வோன் அதை எவ்வாறு படிப்பான் என்பதையும் எண்ணுதல் நம் கடன் அன்றோ? 1951-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய 'காம்பஸ் குரூசேடு' என்னும் மாணவர் ஊழிய இயக்கம், 2011-ஆம் ஆண்டில் அந்நாட்டில் அப்பெயரை விடுத்து, 'குரூ' என மாற்றிக்கொள்ளத் துணிந்தது. அதே 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில், போப்பரசர் இரண்டாம் ஜான் பால் ஏதென்சு நகரில், 1204-ஆம் ஆண்டின் சூறையாடலை நினைந்து வருந்தி, கத்தோலிக்கர் இழைத்த தீங்குகட்கு இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

சிலுவைப் போர்க் காலத்திலேயே வேறு வழியும் இருந்தது. 1219-ஆம் ஆண்டில், எகிப்தின் தாமியெத்தா நகர் முற்றுகையில் இருந்தபோது, அசிசி நகர்ப் பிரான்சிஸ் அடிகள் படைக்கலம் ஏதுமின்றிப் பகைவர் பாசறைக்குச் சென்று சுல்தான் அல் காமிலைக் கண்டார். சுல்தான் அவருக்குத் தீங்கு செய்யாது திருப்பி அனுப்பினார். இருவரும் தத்தம் சமயத்தை விட்டாரல்லர், பேசினர், பிரிந்தனர். அச்சந்திப்பு நிகழ்ந்து எண்ணூறாம் ஆண்டாகிய 2019-இல், போப் பிரான்சிஸும் எகிப்தின் அல் அசார் தலைமை இமாமும் அபுதாபியில் மனித சகோதரத்துவம் பற்றிய ஆவணத்திற் கையொப்பமிட்டனர்.

முடிவுரை

இனி, நெருப்பெரிச்சலுக்குத் திரும்புவோம். அன்று அவ்விளைஞர் இருவர் சொன்னதும் பொய்யன்று. காது அறுபட்ட கதையும் உண்டு. மீரிக் கப்பல் எரிந்த கதையும் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருந்தனர். வரலாற்றில் தன் புண்ணை மட்டும் படித்தவன் அதனைக் கல்வி என்று கருதுவது பிழை.

மற்றொரு செய்தி அவர்கட்குச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பக்கத்து அவினாசியில் பருத்தியை ஏலத்தில் விடுவர். 'ஏலம்' என்னும் சொல் போர்த்துக்கீசியர் வாயிலாக நம் மொழிக்கு வந்தது. போர்த்துக்கீசியர்க்கு அச்சொல் எங்கிருந்து கிடைத்தது? அவர்கள் பொருது வெளியேற்றிய அரபு மக்களிடமிருந்து; 'அறிவித்தல்' என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே அது. பருத்தியைக் குறிக்கும் 'காட்டன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் மூலம் 'குத்ன்' என்னும் அரபுச் சொல்லே. வாள்கள் எதிரெதிர் நின்றபோதும் பண்டங்களும் சொற்களும் இடையறாது கைமாறின. அவற்றைப் பெற்றுப் பிழைப்பவர் நாம்.

அடுத்த விடுமுறையில் அச்சூப்பர்வைசரைக் காண்பேன். "அந்தப் போர் எங்கோ நடந்தது" என்று முன்னர்ச் சொன்ன விடையைத் திருத்தி, "அஃது இங்கும் வந்ததுங்க, நம் கடற்கரையில் கொஞ்ச காலம் நடந்து, பிறகு பெரும்பாலும் நம்மவராலே மறக்கப்பட்டது, அதனை மறுபடியும் நினைவூட்டுபவரிடம் முழுக் கதையையும் கேளுங்கள்" என்று கூறுவேன். இயலுமாயின், ஓவர்லாக் பொறிகளின் ஓசை சற்றே ஓயும் தேநீர் வேளையில், அவ்விருவரையும் உடன் வைத்தே கூறுவேன்.